அமெரிக்கக் கால்பந்து: விதிகள் எந்த இடத்தில் பிடிபட்டன?

டெக்சஸ், டாலஸ் புறநகரிலிருந்து

அமெரிக்கக் கால்பந்தைக் கற்க விரும்பும் புதியவர்களிடம் நாம் வழக்கமாக ஒரு நீண்ட பட்டியலைத்தான் நீட்டுகிறோம். யார் யார் எந்த இடத்தில் நிற்பார்கள், எதற்கு எத்தனை புள்ளி, எந்தத் தவறுக்கு எத்தனை யார்டு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு ஆட்டம் புரிந்ததாகச் சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஏதேனும் ஒரு விதி நன்றாகப் பிடிபட்ட பிறகு, மற்றவை ஒவ்வொன்றாக அதனோடு வந்து சேர்ந்துகொள்கின்றன என்பதே என் எண்ணம். உங்களுக்கு அந்த முதல் பிடி எங்கே கிடைத்தது என்று எழுதும்படி அனைவரையும் கேட்டுக்கொண்டு, என்னுடையதை முதலில் பகிர்கிறேன்.

எங்கள் ஊரில் இலையுதிர் காலம் முழுவதும் வெள்ளிக்கிழமை மாலை என்றால் உயர்நிலைப் பள்ளிக் கால்பந்துதான். என் மகள் பள்ளியின் அணிவகுப்பு வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிக்கிறாள் என்பதால், இடைவேளையில் அவர்கள் நிகழ்த்தும் இசையைக் கேட்கத்தான் நாங்கள் மைதானத்துக்குப் போகத் தொடங்கினோம். ஒருநாள் பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர், "பந்தை விட்டுவிடுங்கள், கோட்டோரம் நிற்கும் அந்தச் சங்கிலியைப் பாருங்கள்" என்றார். அவர் பல ஆண்டுகள் அந்தப் பள்ளியின் ஆட்டங்களில் சங்கிலி பிடித்தவர் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

மைதானத்தின் பக்கக் கோட்டுக்கு வெளியே இரண்டு பேர் ஆளுக்கொரு செம்மஞ்சள் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டு கம்புகளின் அடியையும் சரியாகப் பத்து யார்டு நீளமுள்ள சங்கிலி ஒன்று இணைக்கிறது. மூன்றாவது நபரின் கையிலுள்ள கம்பின் உச்சியில் ஒன்று முதல் நான்கு வரை ஏதேனும் ஓர் எண் தெரியும். பின் கம்பு, பந்து வைத்திருக்கும் அணி தன் முயற்சியைத் தொடங்கிய இடம். முன் கம்பு, அது எட்ட வேண்டிய இடம். எண் கம்பு, பந்து இப்போது இருக்கும் இடமும் இது எத்தனையாவது முயற்சி என்பதும். இந்த முயற்சிக்குத்தான் டவுன் என்று பெயர். நான்கு டவுன்களுக்குள் பத்து யார்டு முன்னேறிவிட்டால் சங்கிலி நகரும். மறுபடியும் முதல் டவுன், மறுபடியும் பத்து யார்டு. முன்னேற முடியாவிட்டால், நின்ற இடத்திலேயே பந்து எதிரணியின் கைக்குப் போய்விடும். எட்டினார்களா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாத நேரத்தில் சங்கிலியை மைதானத்துக்குள் கொண்டுவந்து இழுத்துப் பிடிப்பார்கள். பந்தின் நுனி முன் கம்பைத் தொடுகிறதா என்று பார்க்க நடுவர் குனியும்போது மொத்த அரங்கமும் எழுந்து நிற்கும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்ட நகர்வுக்கும் முன்னால் இரண்டே எண்களைப் பார்க்கிறேன்: எத்தனையாவது டவுன், இன்னும் எத்தனை யார்டு. கிரிக்கெட்டில் இலக்கைத் துரத்தும்போது மீதமுள்ள பந்துகளையும் தேவையான ஓட்டங்களையும் நாம் எப்படிச் சேர்த்தே பார்க்கிறோமோ, அதே கணக்குதான் இதுவும். இரண்டாவது டவுன், இரண்டு யார்டு என்றால் பயிற்சியாளர் துணிந்து, பந்தை முன்னோக்கி வீசும் நீண்ட பாஸுக்குப் போகலாம், தவறினாலும் இன்னொரு முயற்சி இருக்கிறது. மூன்றாவது டவுன், பன்னிரண்டு யார்டு என்றால் பாஸ்தான் வரும் என்று தற்காப்பு அணிக்கும் தெரியும். அவர்கள், பந்தை வாங்கி வீசும் குவாட்டர்பேக்கின் மீது கூடுதல் ஆட்களை ஏவுவதும் அப்போதுதான்.

எல்லாவற்றிலும் சுவையானது நான்காவது டவுன். பந்தைக் காலால் தூர உதைத்து எதிரணியை அவர்களுடைய முனைக்கே பின்னுக்குத் தள்ளும் பண்ட் ஒரு வழி. கோல் கம்பங்களுக்கு இடையே உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் இன்னொரு வழி. மீதி யார்டுகளுக்காக எல்லாவற்றையும் பணயம் வைத்து விளையாடுவது மூன்றாவது வழி. ஃபீல்டு கோலின் தூரத்தை அறிய, பந்து இருக்கும் கோட்டின் எண்ணோடு பதினேழைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெரியவரே சொல்லிக்கொடுத்தார். கம்பங்கள், கோல் கோட்டுக்கு அப்பாலுள்ள பகுதியான எண்ட் ஸோனின் பின் விளிம்பில் இருப்பதால் அதற்குப் பத்து யார்டு. உதைப்பதற்காகப் பந்தைப் பின்னால் தள்ளிக் கொடுப்பதால் ஏழு யார்டு. ஆக, 30 யார்டு கோட்டில் நிற்கும் அணிக்கு அது 47 யார்டு உதை. இது தெரிந்தபின் பயிற்சியாளர் முடிவெடுப்பதற்கு முன்பே நாமும் மனத்துக்குள் ஒரு முடிவை எடுக்கத் தொடங்கிவிடுகிறோம்.

மற்றப் புள்ளிகளை ஒரே வரியில் சொல்லிவிடலாம். பந்தை எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் சேர்க்கும் டச்டவுனுக்கு ஆறு, அதன்பின் உதைத்தால் ஒன்று அல்லது ஓடியோ பாஸ் கொடுத்தோ மறுபடி நுழைந்தால் இரண்டு, பந்து வைத்திருப்பவரை அவருடைய சொந்த எண்ட் ஸோனிலேயே வீழ்த்தினால் தற்காப்பு அணிக்கு இரண்டு.

பிட்ஸ்பர்க், பென்சில்வேனியாவிலிருந்து

சங்கிலி நல்ல தொடக்கம் என்பதை முழுமனத்துடன் ஏற்கிறேன். எனக்கோ ஆட்டம் பிடிபட்டது கார்டுகள் எனப்படும் ஆட்டக்காரர்களைப் பார்க்கத் தொடங்கியபோதுதான்.

தாக்குதல் அணியின் நடுவில் ஐந்து பேர் குனிந்து நிற்பார்கள். பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் கொடுப்பவர் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், அவர்களுக்கு வெளியே டேக்கிள்கள். தொலைக்காட்சி வர்ணனையில் இவர்கள் பெயர் பெரும்பாலும் தவறு செய்யும்போது மட்டுமே வரும். ஆனால் ஆட்டம் என்ன என்பதை முதலில் காட்டிக்கொடுப்பவர்கள் இவர்கள்தாம். பாஸ் என்றால், பந்து வீசப்படும் முன் இவர்கள் பந்து இருக்கும் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போக விதி அனுமதிப்பதில்லை; தொழில்முறை ஆட்டமான தேசியக் கால்பந்து லீகில் எல்லை ஒரு யார்டு, கல்லூரி ஆட்டத்தில் மூன்று யார்டு. அதனால் பாஸ் நகர்வில் கார்டு ஓர் அடி பின்வாங்கி, கைகளை முன்னே நீட்டி, வருபவரைத் தாங்கிக்கொள்வார். ஓட்ட நகர்வில் அவரே முன்னால் பாய்ந்து எதிரில் நிற்பவரைத் தள்ளுவார். எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களும் இதைத்தான் படிக்கிறார்கள். குவாட்டர்பேக் பந்தை ஓட்டக்காரர் வயிற்றருகே நீட்டிவிட்டுத் திரும்ப இழுத்துக்கொள்ளும் பாவனை ஏன் அவ்வளவு நன்றாகப் பலிக்கிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும்: அந்த நேரத்தில் கார்டுகளும் ஓட்டத்துக்கான அசைவைச் செய்து ஏமாற்றுகிறார்கள். ஒரு காலாட்டம், அதாவது ஆட்டத்தின் நான்கில் ஒரு பகுதி, முழுவதும் பந்தை மறந்துவிட்டு இடப்பக்கக் கார்டை மட்டும் பாருங்கள்; வேறு ஓர் ஆட்டத்தைப் பார்ப்பீர்கள்.

இந்த ஊரில் இருந்துகொண்டு 1972 டிசம்பர் 23 பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் ஊர் அணியான ஸ்டீலர்ஸ், ரெய்டர்ஸ் அணியிடம் 6-7 என்று பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடிய 22 வினாடிகள். நான்காவது டவுன், பத்து யார்டு. டெர்ரி பிராட்ஷா வீசிய பந்து, ஸ்டீலர்ஸின் ஃபுக்குவாவும் ரெய்டர்ஸின் ஜாக் டேட்டமும் மோதிக்கொண்ட இடத்திலிருந்து தெறித்துத் திரும்பியது. தரையைத் தொடப்போன அதை ஃபிராங்கோ ஹாரிஸ் காலருகே ஏந்தி, அப்படியே ஓடி டச்டவுன் செய்தார். அன்றைய விதிப்படி, தாக்குதல் அணியின் ஒருவர் மீது பட்ட பாஸை, எதிரணியின் யார்மீதும் படாமல் அதே அணியின் இன்னொருவர் பிடிக்கக் கூடாது. ஆகவே பந்து யார்மீது பட்டது என்பதே ஆட்டத்தின் முடிவாகிவிட்டது. நடுவர்கள் கூடிப் பேசி டச்டவுன் என்று தீர்ப்பளித்தார்கள், 13-7. எங்கள் விமான நிலையத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் சிலைக்குப் பக்கத்தில் ஹாரிஸ் பந்தை ஏந்தும் சிலையையும் நிறுவினார்கள். அந்த விதி 1978ல் நீக்கப்பட்டுவிட்டது. விதிகளை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு விதி ஒரு கணத்தில் எப்படி எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று ஒரு கதை வழியாக அறிவது எனக்கு மிகவும் உதவியது.

நியூ ஜெர்சியிலிருந்து

எனக்குக் கடிகாரம். பதினைந்து நிமிடக் காலாட்டங்கள் நான்கு என்றால் ஒரு மணி நேரம்தானே, மூன்று மணி நேரம் எப்படி ஆகிறது என்பதில் தொடங்கி, கடிகாரத்தை ஓடவிடுவதும் நிறுத்துவதும் இந்த ஆட்டத்தின் பாதித் தந்திரம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தேன். பிடிக்கப்படாத பாஸ் கடிகாரத்தை நிறுத்தும். மைதானத்துக்குள் வீழ்த்தப்பட்ட ஓட்டம் நிறுத்தாது. ஒவ்வொரு அணிக்கும் ஒவ்வொரு பாதியிலும் கடிகாரத்தை நிறுத்தக் கேட்கும் மூன்று டைம் அவுட்கள். முன்னிலையில் இருக்கும் அணி ஓடுவதும் பின்தங்கிய அணி வீசுவதும் இதனால்தான்.

ஆட்டம் முடியும் தறுவாயில் குவாட்டர்பேக் பந்தை வாங்கி ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த நகர்வைத் தொடங்க அணிக்கு 40 வினாடிகள் உண்டு. எதிரணியிடம் டைம் அவுட் இல்லையென்றால் மூன்று முறை முழங்கால் ஊன்றியே ஏறத்தாழ இரண்டு நிமிடங்களைக் கரைத்துவிடலாம். 1978 நவம்பர் 19 அன்று எங்கள் மாநிலத்தின் ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்தில் ஜயன்ட்ஸ் அணி ஈகிள்ஸ் அணியைவிட 17-12 என்று முன்னிலையில் இருந்தது. ஈகிள்ஸிடம் டைம் அவுட் எதுவும் மிச்சமில்லை, எஞ்சியது அரை நிமிடம். முழங்கால் ஊன்றுவதற்குப் பதிலாகப் பந்தை ஓட்டக்காரரிடம் கொடுக்கும் ஆட்டம் அழைக்கப்பட்டது. கை மாறும்போது பந்து நழுவியது. ஹெர்ம் எட்வர்ட்ஸ் அதை அள்ளிக்கொண்டு 26 யார்டு ஓடி டச்டவுன் செய்தார், ஈகிள்ஸ் 19-17. இன்று முழங்கால் ஊன்றும்போது குவாட்டர்பேக்கின் இருபுறமும் ஆட்கள் நெருங்கி நிற்பதும், ஒருவர் மட்டும் வெகு பின்னால் தனியே காவல் நிற்பதும் அந்த ஒரு மாலையிலிருந்து எல்லா அணிகளும் எடுத்துக்கொண்ட பாடம்.

டொராண்டோ, கனடாவிலிருந்து

இங்கே மூன்றே டவுன்கள், அணிக்குப் பன்னிரண்டு பேர், மைதானத்தின் அகலமும் 65 யார்டு. முதல் டவுனில் இரண்டு யார்டு மட்டுமே கிடைத்தால், அடுத்ததிலேயே எட்டு யார்டு எடுக்க வேண்டிய நெருக்கடி வந்துவிடுகிறது. அதனால் பாஸ் மிகுதி. ஸ்கார்பரோவில் வளர்ந்த என் மகன் இரண்டையும் பார்ப்பவன், கனடிய ஆட்டமே வேகமானது என்று உறுதியாகச் சொல்வான். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

டவுன்கள் ஏன் வந்தன என்பதைப் படித்தபோதுதான் எனக்கு எல்லாம் தெளிந்தது. 1880ல் வால்டர் கேம்பின் முயற்சியால், பந்து யாருடையது என்ற தள்ளுமுள்ளு ஒழிந்து, ஓர் அணி பந்தைத் தன்வசம் வைத்து ஆட்டத்தைத் தொடங்கும் முறை வந்தது. ஆனால் பந்தை விட்டுக்கொடுக்க எந்தக் கட்டாயமும் இல்லாததால், 1881ல் பிரின்ஸ்டனும் யேலும் ஆளுக்கொரு பாதி முழுவதும் பந்தைப் பிடித்துக்கொண்டே இருந்து ஆட்டத்தை 0-0 என்று முடித்தன. அதற்கு மருந்தாக 1882ல் மூன்று டவுன்களில் ஐந்து யார்டு என்ற விதி பிறந்தது. 1905ல் மைதானச் சாவுகள் நாட்டையே உலுக்கியபோது குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். அடுத்த ஆண்டு முன்னோக்கி வீசும் பாஸ் அனுமதிக்கப்பட்டது, ஐந்து யார்டு பத்தானது. நான்காவது டவுன் அமெரிக்காவில் 1912ல்தான் வந்தது. கனடா மூன்றிலேயே நின்றுகொண்டது.

டெக்சஸ், டாலஸ் புறநகரிலிருந்து

மூவருக்கும் நன்றி. தவறு நடந்தால் நடுவர் எறியும் மஞ்சள் துணிகளைப் பற்றி யாரும் எழுதாததால் அதை மட்டும் சேர்க்கிறேன், ஏனெனில் புதியவர்கள் பெரிதும் திகைப்பது அங்கேதான். நடுவர் துணியை எறிந்தவுடன் ஆட்டம் நின்றுவிடுவதில்லை. பெரும்பாலான தவறுகளில் நகர்வு முடியும்வரை தொடரும். பிறகு, பாதிக்கப்பட்ட அணிக்கு ஒரு தேர்வு கிடைக்கிறது: தண்டனையை ஏற்கலாம், அல்லது நகர்வின் விளைவே தமக்கு நல்லது என்று மறுக்கலாம். மூன்றாவது டவுன், எட்டு யார்டு, பாஸ் பிடிபடவில்லை, தாக்குதல் அணியின் ஒருவர் எதிராளியைப் பற்றி இழுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டனை பத்து யார்டு. ஏற்றால், மூன்றாவது டவுன் மீண்டும், இப்போது பதினெட்டு யார்டு. மறுத்தால், நான்காவது டவுன், எட்டு யார்டு. அவர்கள் பெரும்பாலும் பண்ட் உதைத்துப் பந்தைக் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலான பயிற்சியாளர்கள் மறுத்துவிடுவார்கள்.

இன்னொன்று: பள்ளி ஆட்டத்தையும் தேசிய லீகையும் மாறிமாறிப் பார்ப்பவர்கள் இரண்டு வேறுபாடுகளை நினைவில் வையுங்கள். டெக்சஸ் பள்ளிகள் கல்லூரி விதிகளையே பின்பற்றுகின்றன. அதன்படி பாஸ் பிடிப்பவரின் ஒரு கால் உள்ளே பட்டால் போதும், லீகில் இரண்டு கால்களும் பட வேண்டும். பந்துடன் ஓடுபவர் தானாகத் தடுக்கி முழங்கால் தரையில் பட்டாலே கல்லூரி விதிப்படி நகர்வு முடிந்தது. லீகில் எதிராளி யாரும் அவரைத் தொடாதவரை அவர் எழுந்து ஓடலாம்.

நான்காவது டவுனின் துணிச்சலைக் காண விரும்புகிறவர்களுக்கு 2018 பிப்ரவரி 4 அன்று மினியாபோலிஸில் நடந்த, லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் இரண்டாவது காலாட்டத்தைப் பரிந்துரைக்கிறேன். இடைவேளைக்குச் சற்றுமுன் ஈகிள்ஸ் பேட்ரியட்ஸைவிட 15-12 என்று முன்னிலையில் இருக்கிறது. நான்காவது டவுன், கோல் கோட்டுக்கு ஒரு யார்டு. மூன்று புள்ளிகள் ஏறத்தாழக் கையில் இருக்கும் நிலையில் பயிற்சியாளர் டக் பீடர்சன் விளையாடவே முடிவெடுக்கிறார். குவாட்டர்பேக் நிக் ஃபோல்ஸ் ஏதோ சொல்லப்போகிறவர்போல் வலப்பக்கம் நகர்ந்துபோக, பந்து நேராக ஓட்டக்காரர் கிளெமென்ட்டிடம் வருகிறது, அவரிடமிருந்து ட்ரே பர்ட்டனுக்கு, பர்ட்டன் அதை எண்ட் ஸோனில் தனியே நிற்கும் ஃபோல்ஸிடமே வீசுகிறார். அதைப் பார்க்கும்போது முதல்முறை பந்தைப் பாருங்கள். இரண்டாம்முறை, பிட்ஸ்பர்க் நண்பர் சொன்னபடி, நடுவில் குனிந்து நிற்கும் ஐவரை மட்டும் பாருங்கள்.