பீரோவைத் தொட்டாலும் ஃபிரிட்ஜைத் தொட்டாலும் ஷாக் அடிக்கு, வயரிங் கோளாறா?

வள்ளியூர்க்காரி:
ஆடிக் காத்து ஆரம்பிச்சதுல இருந்து இந்தத் தொல்லை. பிளாஸ்டிக் சேர்ல இருந்து எந்திச்சுப் போய் பீரோ கைப்பிடியைத் தொட்டா சுளீர்னு அடிக்கு. பீரோகிட்ட ஒரு வயரும் கிடையாது. பாலியஸ்டர் சேலை காலோட ஒட்டிக்கிடுது, படபடன்னு சத்தம் வேற. ஃபிரிட்ஜைத் தொட்டாலும் அடிக்கு. சின்னப் பிள்ளைங்க இருக்க வீடு, பயமா இருக்கு.

பேட்டை வயரிங்:
தங்கச்சி, பீரோவுல அடிக்கிறது நிலைமின்சாரம். சேலையும் சேரும் உரசிப் பிரியும்போது எலக்ட்ரான் ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குப் போயிரும். ரப்பர் செருப்பு போட்டிருந்தா அந்த மின்னூட்டம் தரைக்கு இறங்க வழியில்லாம உடம்புலயே நிக்கும். விரல் இரும்புகிட்ட போனதும் பொறியாத் தாவும். காத்து ஈரமா இருந்தா எல்லாப் பொருள் மேலயும் மெல்லிசா ஈரம் படிஞ்சு, சேரச் சேரக் கசிஞ்சிரும். ஆடியில மலை தாண்டி வார காத்து மழையை அந்தப் பக்கமே கொட்டிட்டு நம்ம பக்கம் வறண்டு வருது, அதான் இப்போ இவ்வளவு.

விரல்ல உறைக்கவே 3000 வோல்ட் பக்கம் வேணும். ஆனா சேந்திருக்க மின்னூட்டம் ரொம்பக் கொஞ்சம், அந்த நொடியே தீந்திரும், ஆளை ஒண்ணும் செய்யாது. சாவியை இறுக்கிப் பிடிச்சு அதால பீரோவைத் தொடுங்க. பொறி சாவியில விழும்.

ஃபிரிட்ஜ்தான் எனக்கு உறுத்துது. ஒரு அடியோட நின்னுச்சா, தொட்டுட்டே இருந்தா விறுவிறுன்னு இருந்துச்சா? சோதிக்கன்னு திரும்பத் தொட்டிராதீங்க.

வள்ளியூர்க்காரி:
விறுவிறுன்னுதான் அண்ணாச்சி. தரை துடைச்ச ஈரத்துல வெறுங்காலோட நின்னா கூடுதலா இருக்கு.

பேட்டை வயரிங்:
அப்போ அது நிலைமின்சாரமே இல்ல. ஈரமும் வெறுங்காலும் அதைக் குறைக்கத்தான் செய்யும். கூடுதுன்னா 230 வோல்ட் லைன் ஃபிரிட்ஜ் பாடியில கசியுது. உடனே மெயினை ஆஃப் பண்ணி, பிளக்கைக் கழட்டிருங்க. மூணு பின்ல தடிச்சதுதான் எர்த், கசியுத கரண்டை மண்ணுக்கு இறக்குத வழி. பழைய வீடுகள்ல பல இடத்துல அந்த ஓட்டைக்கு வயரே வந்திருக்காது. எலக்ட்ரீஷியனை வச்சு ஃபிரிட்ஜ் கசிவு, எர்த் வயர் ரெண்டையும் பாருங்க. 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி.ன்னு ஒரு பாதுகாப்பு சுவிட்சும் போடச் சொல்லுங்க, கசிஞ்சா தானா டிரிப் ஆயிரும். பிள்ளைங்க இருக்க வீட்டுக்கு இதைத் தள்ளிப் போடக் கூடாது.

மூலைக்கரைப்பட்டி:
எர்த் குழியையும் பாக்கச் சொல்லுங்க. எங்க வீட்டுல குழி காஞ்சு கிடந்துச்சு, தண்ணி ஊத்தின பிறகுதான் சரியாச்சு.

வள்ளியூர்க்காரி:
ஆள் வந்து பாத்தாவ. கம்ப்ரசர்ல கசிவு, பிளக் பாக்ஸ்ல எர்த் வயரும் இல்ல. ரெண்டும் சரி பண்ணியாச்சு, ஆர்.சி.சி.பி.யும் போட்டாச்சு. சாவி வச்சுத் தொட்டா பீரோவும் உறைக்கல. கிரைண்டர் போடுத பிளக்கையும் பாக்கணுமா?

பேட்டை வயரிங்:
கட்டாயம். மாவும் ஈரக்கையுமா நிக்குத இடம் அது. எர்த் இருக்குன்னு உறுதியாகுத வரை கிரைண்டரைப் போடாதீங்க.