நம்ம ஊரு குதிரப் பந்தயத் தெடல்: கேட்டது பாத்தது சொல்லுங்க

செம்பனைக்காடு: புது தாமான் (குடியிருப்பு) பின்னால ஒரு பழைய லோங்காங், அதான் சாக்கடைக் கால்வாய், இருக்குல்ல, அது நேரா ஓடாம பெரிய வட்டமா சுத்தி வரும், உள்ள பூரா செம்பனை. வயசானவங்க எல்லாரும் அத ரேஸ்கோர்ஸ்னுதான் சொல்றாங்க. யாருக்காவது வீட்டுல கத தெரிஞ்சா போடுங்க.

லயத்துப் பொண்ணு: எங்க தாத்தாவோட அப்பா தோட்டத்து வெள்ளக்காரத் தொரைக்கு சைஸா, அதான் குதிரைய பாத்துக்கிற ஆளா இருந்தவரு. பாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பல்லாம் சின்ன ஊருங்கள்ல ஜாக்கி கீக்கி கெடையாதாம், தொரைங்களே ஏறி ஓட்டுவாங்க, ஓட்டம் முடிஞ்சா கிளப்ல குடி. குதிரைங்க ஆஸ்திரேலியாவுல இருந்து கப்பல்ல வரும், மெம்பருங்க காசு போட்டு மொத்தமா வாங்கி, எது யாருக்குன்னு சீட்டு எடுப்பாங்க, அப்படி வந்த குதிரைக்கு கிரிஃபின்னு பேரு. நல்ல குதிர விழுந்தா தொர சிரிப்பாரு, நொண்டி விழுந்தா திட்டு சைஸுக்கு! தீனிக்குக் கொள்ளு மூட்ட மூட்டையா இந்தியாவுல இருந்து வரும், அதுல குதிரைக்குப் போனது போக மிச்சம் நம்மாளுங்க குடியிருந்த லயத்து வீடுங்கள்ல ரசமாயிடும்னு பாட்டி சிரிச்சிக்கிட்டே சொல்வாங்க. திருட்டுன்னு சொன்னா கோவம் வந்துரும் அவங்களுக்கு, சம்பளத்துல சேந்ததுதானாம்.

பழைய கிராணி: தங்கச்சி சொன்னது சரி. இந்த மாதிரி சின்னத் தெடலுங்க தானா செத்துச்சு, யாரும் இழுத்து மூடல. மோட்டார் காடி வந்ததும் தொரைங்க குதிர வச்சிக்கிறத விட்டாங்க, 1930 வாக்குல கித்தா (ரப்பர்) வெல படுத்ததும் தொரைங்களுக்கே வேல போச்சு, நம்ம ஆளுங்கள ஆயிரக்கணக்குல கப்பல் ஏத்தி இந்தியாவுக்கு அனுப்புனாங்க, அப்ப யாரு பந்தயம் பாப்பா? அதுக்கப்புறம் ஜப்பான்காரன் காலம், சும்மா கெடந்த எடத்துல எல்லாம் மரவள்ளிக் கெழங்கு. பெரிய கிளப்புங்கதான் தாக்குப்பிடிச்சது. பினாங்கு கிளப்பு 1864-ல, சிலாங்கூர் கிளப்பு 1896-ல ஆரம்பிச்சது. பேராக் கிளப்பு 1886-ல தைப்பிங்ல ஆரம்பிச்சு பின்னால ஈப்போவுக்குப் போச்சு.

எங்கப்பா சம்பளம் வாங்குன வாரம் பஸ் ஏறி கோலாலம்பூர் ஜாலான் அம்பாங் ரேஸுக்குப் போயிருவாரு. அது 1990கள்ல சுங்கை பெசிக்கு மாறிருச்சு, பழைய எடத்துலதான் இரட்டைக் கோபுரம் நிக்கிது. ஒரு தடவ அங்க ஷாப்பிங் கூட்டிட்டுப் போனேன், ஏசில நின்னுக்கிட்டு தரையக் காட்டி, "என் சம்பளமெல்லாம் இதுக்குக் கீழதான்டா இருக்கு"ன்னாரு.

கோமதி அக்கா: கிராணி அண்ணே, நீங்க சிரிக்கிறீங்க, எங்கம்மா தாலிக்கொடி அடகுக்கடையில இருந்த நாள்தான் அதிகம். ஆம்பளைங்க குதிர பேரெல்லாம் சாமி பேரு மாதிரி சொல்லுவாங்க, புள்ளைங்க எந்த கிளாஸ்னு தெரியாது. சிங்கப்பூர்ல 2024 அக்டோபர் 5 கடைசி ஓட்டம், பினாங்குல 2025 மே 31. எனக்கு ஒரு சொட்டு கண்ணீர் வரல. வரலாறு எழுதுங்க வேணாங்கல, ஆனா தொரையும் குதிரையும் மட்டும் எழுதாதீங்க, அந்த சனிக்கெழம ராத்திரி அரிசி இல்லாம ஒல வச்சவளையும் சேத்து எழுதுங்க.

ஈப்போ மச்சான்: அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. ஆனா சைஸ் வேலையும் சூதும் ஒண்ணு இல்லக்கா. என் மாமா இங்க ஈப்போவுலதான் குதிர லாயத்துல சைஸா இருந்தாரு, பந்தயத்துல ஒரு காசு கட்டுனது கெடையாது. விடியறதுக்கு முன்னாடி போயி, வைக்கோல் மாத்தி, குதிரைய நடத்தி, குளிப்பாட்டி, ஒவ்வொரு காலா கையால தடவிப் பாப்பாரு, எங்கயாவது சூடு இருந்தா உள்ள அடி பட்டிருக்கலாம்னு அர்த்தம், டாக்டர் வர்றதுக்கு முன்னாடியே சொல்லிருவாரு. லயத்துப் பொண்ணு, உங்க பாட்டிகிட்ட அந்த சைஸுங்க எந்த லயத்துல இருந்தாங்க, வேற யாரு குடும்பம்லாம்னு கேட்டுப் போடுங்கம்மா. ஜெயிச்ச குதிர, தொர பேரெல்லாம் அந்தக் காலத்து இங்கிலீஷ் பேப்பர்லயே வந்துருச்சு, நம்மாளுங்க பேருதான் எங்கயும் இல்ல.