7 மீட்டரில் 'டெலிவிஷன்' என்று போட்டிருக்கிறதே?

முள்ளும் டயலும்:
1930-களின் கடைசியில் வந்த பிரிட்டிஷ் ஆல்வேவ் (பல அலைவரிசைகளையும் எடுக்கும்) வால்வு ரேடியோ செட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. மற்ற பேண்டெல்லாம் நன்றாகவே எடுக்கிறது. கடைசி பேண்டில் 7 மீட்டரை ஒட்டி ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் 'டெலிவிஷன் சவுண்ட்'. முள்ளை அங்கே வைத்தால் வெறும் இரைச்சல். டிவி ஒலியை ரேடியோவில் கேட்டார்களா என்ன?

பழையசெட்:
கேட்டார்கள் தம்பி, தாராளமாக. 1936 நவம்பர் 2-ல் லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸிலிருந்து பிபிசி ஆரம்பித்த சேவையில் படம் 45 மெகாஹெர்ட்ஸ், ஒலி 41.5. அதாவது அலைநீளத்தில் சுமார் 7.2 மீட்டர், உங்கள் கோடு அதுதான். ஒலி மீடியம் வேவ் ரேடியோ போல சாதாரண ஏ.எம்.தான், அதனால் அவ்வளவு மேலே எட்டும் ரேடியோ இருந்தாலே போதும். போருக்காக 1939 செப்டம்பர் 1-ல் நிறுத்தி, 1946 ஜூன் 7-ல் மறுபடி தொடங்கினார்கள். படத்தை 405 கோடுகளாகப் பிரித்து அனுப்பிய அந்த டிவி முறையே 1985-ல் போய்விட்டது. இரைச்சலுக்கு செட்டைக் குறை சொல்லாதீர்கள்.

ஏரியல்:
1938-ல் சூரியப்புள்ளிகள் அதிகமாக இருந்த நேரத்தில் இந்த ஒளிபரப்பு நியூயார்க் பக்கம் வரைக்கும் போயிருக்கிறது!

முள்ளும் டயலும்:
ஐயா, இதற்கு முன்னால் டிவி முன்னோடி ஜான் லோகி பேர்டின் 30 கோடு டிவி இருந்ததே, அதன் ஒலி?

பழையசெட்:
அது மீடியம் வேவிலேயே வந்தது. 1930 மார்ச் 31 முதல் படம் ஒரு அலைவரிசையில், ஒலி இன்னொன்றில். படம் வரும் இடத்துக்கு முள்ளைத் திருப்பினால் ஸ்பீக்கரில் கரகரவென்று ஒரு ரீங்காரம். 30 கோடு, நொடிக்கு 12.5 படம், ஆக 375 சைக்கிள். படத்தையே காதால் கேட்பது! எனக்கென்னவோ ஒலியைவிட அதுதான் ருசி.

முள்ளும் டயலும்:
சரி, சிக்னல் ஜெனரேட்டரில் (சோதனைக்கு ரேடியோ அலை உண்டாக்கும் கருவி) 41.5 வைத்து உள்ளே பாட்டு கொடுத்துப் பார்த்தால்?

பழையசெட்:
கேட்கும். ஆனால் முதலில் அது ஏசி/டிசி செட்டா (மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஓடுவது) என்று பாருங்கள். ஆமென்றால் சேசிஸிலேயே (உள்ளிருக்கும் உலோகச் சட்டம்) மெயின்ஸ் மின்சாரம் இருக்கும், மெயின்ஸிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஜெனரேட்டரின் எர்த்தை அதில் மாட்டாதீர்கள். அப்புறம், ஐ.எஃப். (வரும் அலையை செட் உள்ளே மாற்றிக்கொள்ளும் இடைநிலை அலைவரிசை) 465 கிலோஹெர்ட்ஸ் என்றால் அதே பாட்டு டயலில் இரண்டு இடத்தில் வரும், நடுவில் 0.93 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. பயப்பட வேண்டாம், ஒன்று இமேஜ், அதாவது போலி. அவ்வளவு மேலே அதை வடிகட்ட அந்தக் காலத்து காயிலால் முடியாது. செட் சூடேற ஏற ஆசிலேட்டர் (செட்டுக்குள் அலை உண்டாக்கும் பகுதி) நகரும், பாட்டு கைநழுவும். அரை மணி நேரம் ஓடவிட்டு அப்புறம் தேடுங்கள்.