காகிதப் பின்னல் விளக்கு: புதுப்பிப்பு

கார்த்திகைக்காகச் சார்ட் காகிதத்தைக் கீற்றாக வெட்டி, ஓலைக் கொட்டான் (சின்னக் கூடை) முடைவது போல விளக்கு பின்னினேன், அது இரண்டே நாளில் இடுப்பொடிந்து சாய்ந்துவிட்டது என்று போன வாரம் புலம்பியிருந்தேன் அல்லவா? இப்போது மூன்றாவது விளக்கு வராந்தாவில் நிமிர்ந்து தொங்குகிறது.

தப்பு இரண்டு. ஒன்று, எண்ணிக்கை. நிற்கும் கீற்றுகள் 23 வைத்திருந்தேன். ஒவ்வொரு சுற்றையும் தனி வளையமாக ஒட்டினால் இரட்டைப்படைதான் வேண்டும். இல்லையென்றால் ஒட்டும் இடத்தில் மேல், கீழ் என்று மாறாமல் மேல், மேல் என்று அடுத்தடுத்து விழும். ஒட்டிய இடங்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கம் வைத்திருந்ததால் அங்கேதான் தொய்ந்தது. இப்போது 1.5 செ.மீ. அகலத்தில் 24 கீற்று.

இன்னொன்று, காகிதத்தின் இழை, அதாவது அதன் நார் ஓடும் திசை. சார்ட்டை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள், ஒரு வாக்கில் சட்டென்று வளையும், மறு வாக்கில் முரண்டு பிடிக்கும். இழை நீளவாக்கில் ஓடும் கீற்று விறைப்பாக நிற்கும், குறுக்காக ஓடுவது சுற்றி வளைய இணங்கும். நான் கையில் வந்தபடி வெட்டியிருந்தேன்!

பசைக்கு மைதா காய்ச்சினேன். அதில் சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டால் பூச்சி அண்டாது என்றார் அம்மா. அது விஷம், வீட்டில் குழந்தை இருக்கிறது, போடவில்லை. முதல் விளக்கின் அடியைக் கரப்பான் கொறித்துவிட்டது, அது வேறு கதை.

உள்ளே அகல் வைக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: வேண்டவே வேண்டாம். சின்ன எல்இடி சரம் போதும். அகல் வாசலில் இருக்கட்டும்.