ஆப்பிளின் டிசம்பர் காலாண்டு வருவாயைப் பொருள் வாரியாகக் கணிப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். ஆப்பிள் நிறுவனம் தன் வருவாயை ஐபோன், மேக், ஐபேட், வாட்ச் மற்றும் ஏர்பாட்ஸ் உள்ளிட்ட துணைச் சாதனங்கள், சேவைகள் என்று ஐந்து வகைகளாகப் பிரித்து வெளியிடுகிறது. டிசம்பர் காலாண்டில் (ஏறக்குறைய அக்டோபர் முதல் டிசம்பர் வரை) இந்த ஐந்தும் தனித்தனியே எவ்வளவு வரும் என்று கணிக்க முயன்று வருகிறேன். முந்தைய ஆண்டின் அதே காலாண்டை எடுத்துக்கொண்டு, அண்மைய காலாண்டுகளின் வளர்ச்சி விகிதத்தை அதன்மேல் ஏற்றுவதே இப்போதைய முறை. சேவைகளுக்கு இது ஓரளவு பொருந்துகிறது. மேக்கும் ஐபேடும் எந்தப் பிடிக்கும் அடங்குவதில்லை: 2022 டிசம்பர் காலாண்டில் ஐபேட் 30 சதவீதம் ஏறியது, மேக் 29 சதவீதம் இறங்கியது; அடுத்த ஆண்டு அதே காலாண்டில் ஐபேட் 25 சதவீதம் சரிந்தது.

மொத்த வருவாயை முதலில் கணித்து, பழைய விகிதங்களின்படி ஐந்தாகப் பிரிப்பது சரியா, அல்லது ஐந்தையும் தனித்தனியே கணித்துக் கூட்டுவது சரியா? விற்பனை எண்ணிக்கையைச் சராசரி விலையால் பெருக்கும் பழைய முறை இன்றும் உதவுமா?

பதில் 1

வளர்ச்சி விகிதத்தைத் தொடுவதற்கு முன், அந்தக் காலாண்டில் எத்தனை வாரங்கள் இருந்தன என்று பாருங்கள். ஆப்பிளின் நிதியாண்டு செப்டம்பரின் கடைசிச் சனிக்கிழமையன்று முடிகிறது. காலாண்டுக்கு 13 வாரம் என்பது வழக்கம்; ஆனால் 52 வாரம் என்பது 364 நாள் மட்டுமே என்பதால், ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை டிசம்பர் காலாண்டில் ஒரு வாரம் கூடுதலாகச் சேரும். நீங்கள் சொல்லும் 2022 டிசம்பர் காலாண்டு அத்தகைய 14 வாரக் காலாண்டுதான்.

மேக்கையே எடுத்துக்கொள்வோம். அந்தக் காலாண்டில் அதன் வருவாய் சுமார் 774 கோடி டாலர். ஓராண்டு கழித்து, 13 வாரத்தில், 778 கோடி டாலர். அறிக்கையைப் பார்ப்பவருக்கு மேக் நின்ற இடத்திலேயே நிற்பதாகத் தோன்றும். வாரக் கணக்கில் பார்த்தால் 55 கோடியிலிருந்து ஏறக்குறைய 60 கோடிக்கு, அதாவது 8 சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருக்கிறது. சேவைகளிலும் அறிக்கையில் 11 சதவீதமாகத் தெரிந்த வளர்ச்சி வாரக் கணக்கில் 20 சதவீதத்தை ஒட்டி வருகிறது.

அந்த 20 சதவீதத்தையும் அப்படியே அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. 2022 இறுதியில் டாலர் வலுவாக இருந்ததால், வெளிநாட்டு வருவாய் டாலரில் குறைவாகி, வளர்ச்சியில் ஏறக்குறைய 8 சதவீதப் புள்ளிகள் குறைந்ததாக நிறுவனமே அப்போது தெரிவித்தது; கூடுதல் வாரம் மொத்த வருவாயில் சுமார் 7 புள்ளிகளைச் சேர்த்ததாகப் பின்னர் சொன்னது. ஒன்றையொன்று கிட்டத்தட்ட ஈடுகட்டிய இந்த இரண்டில் ஒன்றை மட்டும் திருத்தி மற்றதை விட்டுவிடுவது, இரண்டையும் தொடாமல் இருப்பதைவிட மோசமான கணிப்பைத் தரும். மேலும், வாரங்களால் சமமாக வகுப்பது மாதந்தோறும் சீராக வரும் சேவைகளுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். அறிமுக வாரமும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களும் மற்ற வாரங்களைப் போன்றவை அல்ல என்பதால், ஐபோனுக்கு அதை ஒரு தோராயமாக மட்டுமே கொள்ள வேண்டும்.

பதில் 2

வாரக் கணக்கோடு அறிமுகத் தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மேக், ஐபேட் சிக்கலில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

2021 அக்டோபரில் புதிய மேக்புக் ப்ரோ வந்தது. அந்த டிசம்பர் காலாண்டில் மேக் 1,085 கோடி டாலர் ஈட்டியது. அதற்கடுத்த தலைமுறை 2022 டிசம்பருக்குள் வராமல் 2023 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. ஆக, அந்த 29 சதவீதச் சரிவில் ஒரு பங்கு, புதிய பொருள் வந்த காலாண்டை வராத காலாண்டோடு ஒப்பிட்டதால் உண்டானது. ஐபேடில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2021 டிசம்பரில் உதிரிபாகத் தட்டுப்பாட்டால் வருவாய் 725 கோடியாகச் சுருங்கியிருந்தது. 2022 அக்டோபரில் புதிய ஐபேடுகள் வந்ததும் அது 940 கோடியானது. 2023இல் ஒரு புதிய ஐபேடுகூட வராத நிலையில் 702 கோடிக்குத் திரும்பியது. 2024 மே மாதத்தில் புதியவை வந்த பிறகு ஜூன் காலாண்டில் 24 சதவீத வளர்ச்சி தெரிந்தது. இந்த எண்களை அறிமுகத் தேதிகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புரியாத ஏற்ற இறக்கம் என்று மிஞ்சுவது கொஞ்சம்தான்.

ஐபோனுக்கும் இது பொருந்தும். செப்டம்பரில் வர வேண்டிய ஐபோன் 12 வரிசை 2020இல் அக்டோபர் 23 அன்றுதான் விற்பனைக்கு வரத் தொடங்கியது. அதனால் அந்தச் செப்டம்பர் காலாண்டில் ஐபோன் வருவாய் 21 சதவீதம் குறைந்து, டிசம்பரில் 17 சதவீதம் கூடியது. மறு ஆண்டு செப்டம்பரில் 47 சதவீதம் எகிறியது. அந்த 47ஐத் தேவையின் வேகம் என்று எண்ணி நீட்டித்த எந்தச் சமன்பாடும் தடுமாறத்தான் செய்யும்.

கேட்டவர்

மிக்க நன்றி. அறிமுகத்தை ஆம், இல்லை என்ற ஒரு மாறியாகச் சேர்த்துத் தொடர்புப் போக்குச் சமன்பாடு (regression, பழைய தரவிலிருந்து ஒவ்வொரு காரணியின் பங்கையும் கணக்கிடும் முறை) ஒன்றை அமைக்கலாமா?

பதில் 2

அவசரப்பட வேண்டாம். இதே ஐந்து வகைப் பிரிப்பில் உங்கள் கைக்குக் கிடைக்கும் டிசம்பர் காலாண்டுகள் மிகச் சில. அவற்றிலும் பெருந்தொற்றும் தட்டுப்பாடும் கலந்திருக்கின்றன. சேர்க்கும் ஒவ்வொரு மாறியும் அந்தச் சில தரவுப் புள்ளிகளைத் தின்றுவிடும். புதிய பொருள் வந்த ஆண்டுகளையும் வராத ஆண்டுகளையும் தனித்தனியே அடுக்கி, வரப்போகும் காலாண்டு எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று நீங்களே தீர்மானிப்பது நேர்மையான வழி. அந்தத் தீர்மானத்தை அறிக்கை வெளிவரும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

பதில் 3

உங்கள் இரு கேள்விகளுக்கு வருகிறேன். பழைய விகிதப்படி பிரிக்கும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2022 நிதியாண்டில் மொத்த வருவாய் 39,433 கோடி டாலர், 2024இல் 39,104 கோடி டாலர், ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால் அதே இடைவெளியில் சேவைகள் 7,813 கோடியிலிருந்து 9,617 கோடிக்கு, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்குக்கு வளர்ந்திருக்கின்றன. மொத்தத்தை மிகச் சரியாகக் கணித்திருந்தாலும் பழைய விகிதம் ஐந்து வகைகளிலும் உங்களைத் தவற விட்டிருக்கும்.

ஆகவே வகைவாரியாகக் கணித்துக் கூட்டுங்கள். மொத்தத்தையும் வேறொரு முறையில் தனியே கணியுங்கள். இரண்டுக்கும் இடையே வரும் வித்தியாசத்தைச் சமமாகப் பங்கிடாமல், ஒவ்வொரு வகையிலும் கடந்த காலத்தில் நேர்ந்த பிழையின் அளவுக்கு ஏற்பப் பங்கிட வேண்டும். அப்போது ஐபோன் அதிகமாக நகரும், சேவைகள் சற்றே நகரும்.

எண்ணிக்கையை விலையால் பெருக்கும் முறைக்கு இன்று அடித்தளம் இல்லை. 2018 நவம்பரில் ஆப்பிள் இனி விற்பனை எண்ணிக்கையை வெளியிடுவதில்லை என்று அறிவித்தது. எத்தனை சாதனங்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன என்று ஆய்வு நிறுவனங்கள் தரும் மதிப்பீடுகள் திசையை அறிய உதவும். ஆனால் எண்ணிக்கை, விலை ஆகிய இரண்டுமே மதிப்பீடாக இருக்கும்போது, நமக்கு உறுதியாகத் தெரிவது அவற்றின் பெருக்குத்தொகை மட்டுமே. அதை நேராகக் கணிப்பதே மேல்.

பதில் 1

ஒன்று சேர்க்க வேண்டும்: ஒற்றை எண்ணாக இல்லாமல் ஒரு வரம்பாகக் கணியுங்கள். 2018 டிசம்பர் காலாண்டுக்கு 8,900 முதல் 9,300 கோடி டாலர் வரும் என்று சொன்ன ஆப்பிள், 2019 ஜனவரி 2 அன்று தலைமைச் செயல் அதிகாரியாக டிம் குக் எழுதிய கடிதத்தில் அதைச் சுமார் 8,400 கோடியாகக் குறைத்தது. சீனச் சந்தையின் தளர்வை முக்கியக் காரணமாகக் குறிப்பிட்டது. ஆர்டர்களை நேரடியாகப் பார்க்கும் நிறுவனமே தன் வரம்புக்கு வெளியே விழுந்திருக்கிறது. 2022 நவம்பரில் சீனாவின் செங்சோவ் நகரத் தொழிற்சாலையில் பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளால் ஐபோன் உற்பத்தி தடைப்பட்டதையும் பழைய எண்களை மட்டும் வைத்துக் கணிக்கும் எந்தக் காலத்தொடர் முறையும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது. ஐபோனுக்கான வரம்பைச் சேவைகளுக்கானதைவிடப் பல மடங்கு அகலமாக வையுங்கள். உங்கள் முறை எதுவானாலும், வாரக் கணக்கில் திருத்திய சென்ற ஆண்டு எண்ணை அப்படியே கணிப்பாக வைத்தால் வரும் பிழையைவிட அதன் பிழை குறைகிறதா என்று, ஒவ்வொரு காலாண்டிலும் அன்று கிடைத்திருந்த தரவை மட்டும் கொண்டு சோதித்துப் பாருங்கள்.