மறு: லேண்டிங் பேஜ் – ‘தரையிறங்கு பக்கம்’ சரிதானா?

> ‘தரையிறங்கு பக்கம்’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. வேறு சொல் எதற்கு?

வணக்கம் அண்ணை,

விளம்பரத்தை அழுத்தினவர் வந்து சேரும் பக்கம்தானே லேண்டிங் பேஜ். கிளிநொச்சியில் இருந்து பார்த்தால் அதற்குத் ‘தரையிறங்கு பக்கம்’ என்ற சொல் உறுத்துது. 1991இல் வெற்றிலைக்கேணி, 2000இல் குடாரப்பு என்று கடல்வழிப் படையிறக்கங்களைக் கேட்டு வளர்ந்த எங்களுக்குத் தரையிறக்கம் என்றால் படைதான். இணையத்தில் தேன் வாங்க வாறவரை அப்படி இறக்க மனம் வரேல்லை. ‘தரை’யை வெட்டி ‘இறங்குபக்கம்’ என்றால் இறங்குதுறை போல அழகுதான். ஆனால் இங்கே ஒரு கடைக்காரர், “இறங்குமுகம் மாதிரிக் கிடக்கு, வேண்டாம் தம்பி” என்றிட்டார்.

என் குறை வேறு. இரண்டு சொல்லும் வந்து சேர்வதோடு நின்றுவிடுது. பக்கத்தின் வேலை அதற்குப் பிறகுதான்.

மாங்குளத்தில் தேன் விற்கும் மச்சாளுக்குத் தளம் செய்து குடுத்தேன். பேஸ்புக்கில் ‘காட்டுத் தேன்’ விளம்பரம். அழுத்தினவர்களை முகப்புக்கே அனுப்பிவிட்டேன். அங்கே ஒடியல் மா, பனங்கட்டி, ‘எம்மைப் பற்றி’, போன வருடத்துப் பொங்கல் வாழ்த்து! தேனைத் தேடியே களைத்திருப்பார்கள். பிழை என்னுடையது. பிறகு தனிப் பக்கம் போட்டேன்: விளம்பரத்தில் இருந்த அதே வரி தலைப்பாக, அதே போத்தல் படம், விலை, தபால் செலவு, ஒரேயொரு பொத்தான். மேலே மெனு இல்லை. ‘சமர்ப்பி’ என்று கிடந்த பொத்தான் ‘ஒரு போத்தல் அனுப்புங்கோ’ ஆனது. பெயர், முகவரி, தொலைபேசி மட்டும் கேட்கிறோம். முதலில் பிறந்த திகதியும் கேட்டிருந்தேன், ஏனென்று எனக்கே விளங்கேல்லை.

முகப்பு என்பது படலை, வளவின் வாசல் கதவு. ஆரும் வரலாம், எதற்கும் வரலாம். இந்தத் தனிப் பக்கம் கடப்பு, வேலியில் ஆள் கடந்து வர விட்ட இடைவெளி. பக்கத்து வளவுக்காரர் அதால் நேரே குசினிக்கு வருவார். என்னத்துக்கு வாறார் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். படலை ஒன்று போதும், கடப்பு விளம்பரத்துக்கு ஒன்று வைக்கலாம்.

ஆகவே என் முன்மொழிவு ‘கடப்புப் பக்கம்’. ‘கட’ என்ற வினை உள்ளேயே இருப்பதால் கன்வெர்ஷன் ரேட்டுக்கும் சொல் கிடைக்குது: 100 பேர் வந்து 3 பேர் வாங்கினால் கடப்பு வீதம் 3%.

தமிழ்நாட்டு நண்பர்களுக்குக் கடப்பைக் கல் நினைவு வந்தால் சொல்லுங்கோ. ‘நுழைபக்கம்’ என்று மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள், அது லாகினுக்கு வேணும்.