48ஜிஎக்ஸ் கால்குலேட்டர், போர்ட் 2 ராம் கார்டு வெளிய எடுத்தாலே காலி ஆயிடுது

எல்லாருக்கும் வணக்கம், ஹெச்பி 48ஜிஎக்ஸ் வெச்சிருக்கவங்க யாராவது உதவுங்க. போர்ட் 1ல 128 கேபி கார்டு போட்டு மெர்ஜ் பண்ணி (அதாவது கால்குலேட்டரோட சொந்த மெமரியோட சேர்த்து) வெச்சிருக்கேன், அது அருமையா ஓடுது. பிரச்சனை போர்ட் 2ல இருக்கற 512 கேபி கார்டு, வேற கம்பெனி தயாரிப்பு, போன மாசம் செகண்ட்ஹேண்டா வாங்கினது. கால்குலேட்டர்குள்ள இருக்கற வரைக்கும் அந்த கார்டை 128 கேபி துண்டா பிரிச்சு போர்ட் 2லேந்து 5 வரைன்னு காட்டற நாலு பேங்க்லயும் சேவ் பண்ணது அப்படியே இருக்கு, ஆஃப் பண்ணிட்டு கார்டை எடுத்து திரும்ப சொருகினா "இன்வேலிட் கார்டு டேட்டா"ன்னு வருது, உள்ள ஒண்ணுமே இல்ல.

கார்டுக்குள்ள புது சிஆர்2016 பட்டன் செல் போட்டாச்சு, மீட்டர்ல 3 வோல்ட்டுக்கு மேல காட்டுது. பிஇனிட் (போர்ட் மெமரியை தயார்படுத்தற கமாண்ட்) பண்ணி பார்த்தேன், ரைட் ப்ரொடெக்ட் சுவிட்சை மாத்தி பார்த்தேன், கான்டாக்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல துடைச்சேன், மெயின் பேட்டரி மூணும் புதுசு. 128 கேபி கார்டை மெர்ஜ்லேந்து விடுவிச்சு போர்ட் 2ல போட்டா எடுத்து சொருகினாலும் டேட்டா போகல, அதனால ஸ்லாட் மேல எனக்கு சந்தேகம் இல்ல, பட்டன் செல்லோட கரன்ட் சிப்புக்கு போய் சேரலன்னு தான் தோணுது. நான் ஹூஸ்டன்ல இருக்கேன், இதையெல்லாம் ரிப்பேர் பண்ற கடை இங்க கிடைக்கல, என் சர்வே புரோகிராம் எல்லாம் இந்த கார்டுல தான் வெக்கணும்.

இந்த மாதிரி கார்டோட மெட்டல் மூடியை வளைக்காம திறந்து செல் லைனை செக் பண்றது எப்படி?